உண்டியலில் எடுத்த நூறு ரூபாய்

மாதக் கடைசியில் கேஸ் சிலிண்டர் வந்து நிற்கும். கையில் நூறு ரூபாய் குறையும். பிள்ளையின் உண்டியலைக் கவிழ்த்து எடுத்துச் சமாளிப்போம். சம்பளம் வந்ததும் போட்டுவிடலாம் என்று நினைப்போம், அப்புறம் மறந்துபோவோம். நமக்கு அது சின்ன விஷயம். ஆனால் ஒரு பிள்ளையிடம் சேமிப்புப் பழக்கம் வேர்விடுமா விடாதா என்பது இப்படிப்பட்ட நாட்களில்தான் முடிவாகிறது என்பது என் எண்ணம்.

சேமிப்பு என்பது நாளைக்காக இன்று பொறுத்திருப்பது. இந்தப் பொறுமையை உளவியலாளர் வால்டர் மிஷெல் 1960களின் இறுதியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் சோதித்தார். எதிரே ஒரு மார்ஷ்மெல்லோ மிட்டாய். இப்போதே வேண்டுமானால் ஒன்று, பெரியவர் திரும்பி வரும்வரை பொறுத்தால் இரண்டு. நெடுநேரம் பொறுத்த பிள்ளைகள் பின்னாளில் படிப்பில் முன்னே நின்றதாகத் தெரிந்ததும், எல்லாம் மனவுறுதிதான் என்ற பேச்சு உலகெங்கும் பரவியது. 2018இல் 900க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விவரங்களோடு வேறு ஆய்வாளர்கள் இதைச் சரிபார்த்தார்கள். குடும்பச் சூழலையும் கணக்கில் சேர்த்தபோது அந்தத் தொடர்பு வெகுவாகச் சுருங்கிவிட்டது.

சரி, அப்படியானால் பொறுமை எங்கிருந்து வருகிறது? செலஸ்ட் கிட் என்ற ஆய்வாளர் ஒருகாலத்தில் வீடற்ற குடும்பங்கள் தங்கும் இடத்தில் தொண்டு செய்தவர். எந்தப் பொருளும் எந்த நேரமும் பறிபோகலாம் என்ற இடத்தில் வளரும் பிள்ளை ஏன் காத்திருக்க வேண்டும் என்ற கேள்வி அவருக்குள் இருந்தது. ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் அவர் குழு 28 சிறு பிள்ளைகளை வரவழைத்தது. முதலில் தேய்ந்துபோன கிரையான்களைக் கொடுத்து, கொஞ்சம் பொறுத்தால் நல்லதாகக் கொண்டுவருவதாகச் சொன்னார்கள். பாதிப் பிள்ளைகளுக்குச் சொன்னபடி வந்தது. மற்றவர்களிடம், "மன்னித்துக்கொள், இல்லையாம்" என்றார்கள். ஸ்டிக்கர் விஷயத்திலும் அப்படியே. அதற்குப் பிறகுதான் மார்ஷ்மெல்லோ. சொல் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் பொறுத்தார்கள். ஏமாந்தவர்கள் 3 நிமிடம். கடைசிவரை, அதாவது 15 நிமிடமும் தாக்குப்பிடித்தவர்கள் முதல் 14 பேரில் 9 பேர், இரண்டாவது 14 பேரில் ஒரே ஒருவர்.

கடைசிவரை பொறுக்காத அந்த 13 பேரிடம் எந்தக் குறையும் இல்லை. காத்திருந்தால் கிடைக்காது என்று அன்றைக்குத்தான் கற்றிருந்தார்கள், கற்றதைப் பயன்படுத்தினார்கள். அதனால்தான் உண்டியல் காசைச் சொன்ன நாளில், பிள்ளையின் கண்முன்னே திருப்பிப் போடுங்கள் என்கிறேன். ஐந்து ரூபாய் கூடச் சேர்த்துப் போட்டால் வட்டி என்பது என்ன என்றும் விளங்கிவிடும். கைச்செலவுக்குக் கொடுப்பதையும் குறித்த கிழமையில் கொடுங்கள். தொகை சின்னதாக இருக்கட்டும், கிழமை மட்டும் தவற வேண்டாம்.

மிஷெலின் ஆய்வில் அதிகம் பேசப்படாத இன்னொரு விஷயம், வளர்ந்தவர்களுக்கு ரொம்பவே உதவும். 1970இல் வெளியான சோதனையில், தின்பண்டங்கள் கண்ணெதிரே இருந்தபோது பிள்ளைகள் சராசரியாக ஒரு நிமிடம்தான் பொறுத்தார்கள். அவற்றை மறைத்து வைத்தபோது 11 நிமிடம். பிள்ளைகளின் மனவுறுதி கூடிவிடவில்லை, பண்டம் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். நம் பாட்டிமார் சிறுவாட்டுக் காசை அஞ்சறைப் பெட்டியிலும் அரிசிப் பானையிலும் போட்டுவைத்ததற்குள் இதே நுட்பம் இருந்தது.

பொருளியலாளர்கள் ரிச்சர்ட் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்சியும் அமெரிக்க நிறுவனம் ஒன்றின் ஊழியர்களிடம் இதற்கும் ஒருபடி மேலே போனார்கள். இன்றைய சம்பளத்தில் கைவைக்கவில்லை. இனி வரும் ஒவ்வொரு சம்பள உயர்விலும் ஒரு பங்கு தானாகச் சேமிப்புக்குப் போகட்டும் என்று முன்கூட்டியே சம்மதம் வாங்கிக்கொண்டார்கள். சேர்ந்தவர்களின் சேமிப்பு 40 மாதங்களில் சம்பளத்தில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமானது. கைக்கு வராத பணத்தை இழந்ததாக மனம் கணக்குப் போடுவதில்லை. சம்பளம் ஏறும் மாதத்திலேயே வங்கியில் சொல்லி கூடுதலாக ஓர் ஆர்.டி. (மாதந்தோறும் ஒரே தொகை கட்டும் தொடர் வைப்பு) தொடங்கிக்கொள்வது, நம் வீட்டிலேயே செய்யக்கூடிய அதே ஏற்பாடு.