மெல்லிய லேப்டாப் வாங்குகிறீர்களா? ரேமை அன்றைக்கே முடிவு செய்யுங்கள்

லேப்டாப் பழுது பார்க்கும் என்னிடம் இந்த வாரமும் ஒருவர் வந்தார். தணிக்கை அலுவலகம் நடத்துபவர். ஒரு கிலோவுக்குச் சற்றே கூடுதலான எடையில் அருமையான பிசினஸ் லேப்டாப், வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. கீறல் விழாமல் வைத்திருந்தார். "ரொம்ப ஸ்லோவா இருக்கு, எட்டு ஜிபிதான் இருக்கு, இன்னொரு எட்டு போட்டுக் குடுத்துடுங்க" என்றார். அடிமூடியைக் கழற்றி உள்ளே காட்டினேன். ரேம் (ஓடும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் மெமரி) சொருகும் ஸ்லாட் இருக்கும் என்று அவர் நினைத்த இடத்தில், மதர்போர்டு என்ற முதன்மைப் பலகையோடு சேர்த்துப் பற்றவைத்த சின்னச் சின்னக் கறுப்புச் சில்லுகள் மட்டுமே இருந்தன. "வாங்கும்போது, அப்புறமா போட்டுக்கலாம்னு சொன்னாங்களே" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. விற்பவரும் சொல்கிறார், தெரிந்த நண்பரும் சொல்கிறார், அலுவலகத்துக்கு மொத்தமாக வாங்குபவரும் அதையே நம்பி முப்பது நாற்பது லேப்டாப்புக்குக் கையெழுத்துப் போடுகிறார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மெல்லிய பிசினஸ் லேப்டாப் மோசமான பொருள் அல்ல. தினமும் திறந்து பார்க்கிறவன் என்ற முறையில், இந்த வகையின் தயாரிப்பில் எனக்கு மரியாதை உண்டு. மலிவான வீட்டு உபயோக லேப்டாப்பில் திரையைத் தாங்கும் கீலான ஹிஞ்சைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ பெரும்பாலும் பிளாஸ்டிக்கில் பதித்த பித்தளை நட்டில்தான் ஏறியிருக்கும். சில வருடம் திறந்து மூடியதும் பிளாஸ்டிக்கோடு பிய்த்துக்கொண்டு வரும். நல்ல பிசினஸ் மாடலில் ஹிஞ்ச் உலோகச் சட்டத்தில் உட்கார்ந்திருக்கும். கீபோர்டு விரலுக்கு இதமாக இருக்கும். திரை கண்ணாடி போல முகத்தைக் காட்டாது. லெனோவோ, டெல், ஹெச்பி போன்ற நிறுவனங்கள் தங்கள் பிசினஸ் மாடல்களைக் கழற்றி மாட்டும் முறையை விளக்கும் சர்வீஸ் கையேடுகளை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுகின்றன. எங்களைப் போன்றவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பது வெளியே தெரியாது. மூடியை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு "வளையுதே, அட்டை மாதிரி இருக்கே" என்று ஒதுக்குபவர்களும் உண்டு. மெக்னீசியக் கலவையும் கார்பன் ஃபைபரும் எடை குறைவானவை. கொஞ்சம் வளைந்து கொடுத்துவிட்டு நிமிர்ந்துகொள்வது பலவீனம் ஆகாது. தினமும் பையில் போட்டுக்கொண்டு அலைபவருக்கு, நாள் முழுக்க மெயில், எக்செல், மீட்டிங் என்று ஓடுபவருக்கு, இதைவிடப் பொருத்தமான மெஷின் கிடையாது. தோள்வலி குறைகிறது, சார்ஜரைத் தேடி ஓட வேண்டியதில்லை.

ஆனால் இவற்றில் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சுக்கு இடமில்லை. சரி, ரேம் விஷயத்துக்கே வருவோம்.

பழைய தடிமனான லேப்டாப்பில் ரேம் என்பது ஒரு சின்னப் பலகை. இரண்டு பக்கக் கொக்கியை விலக்கினால் மேலே எழும்பும், எடுத்துவிட்டுப் புதிது சொருகலாம். அந்த ஞாபகத்தில்தான் எல்லோரும் பேசுகிறார்கள். மெல்லிய மாடல்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது எல்பிடிடிஆர் என்ற வகை. முதலில் மொபைல் போன்களுக்காக உருவானது. மின்சாரம் குறைவாகக் குடிக்கும், வேகமும் அதிகம். அந்த வேகத்தைக் குறைந்த மின்னழுத்தத்தில் எட்ட வேண்டுமென்றால் பிராசஸருக்கு மிக அருகில், குட்டையான இணைப்பில் இருக்க வேண்டும். ஆகவே மதர்போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். உங்கள் பேட்டரி நீடிப்பதற்கும் லேப்டாப் மெலிந்திருப்பதற்கும் இதுவும் ஒரு காரணம். உங்களுக்கு எதிரான சதி என்று நினைக்க வேண்டாம். 2008-இல் வந்த முதல் மேக்புக் ஏரிலேயே ரேம் பற்றவைக்கப்பட்டுத்தான் இருந்தது. 2024-இல் வந்த இன்டெல் கோர் அல்ட்ரா 200வி வரிசையில் ரேம் இன்னும் நெருங்கிவிட்டது. பிராசஸர் பொதிக்குள்ளேயே சேர்ந்து வருகிறது, 16 ஜிபி அல்லது 32 ஜிபி, அவ்வளவுதான் தேர்வு.

அடுத்த கேள்வியும் எனக்கு மனப்பாடம். "விண்டோஸ் டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் ஸ்லாட்ஸ் என்று காட்டுகிறதே, அப்படியென்றால் ஸ்லாட் இருக்கிறதுதானே?" இல்லை. பற்றவைத்த ரேமுக்கும் விண்டோஸ் அந்த வரியைக் காட்டும். அதற்குப் பக்கத்திலேயே 'ஃபார்ம் ஃபேக்டர்' என்று ஒரு வரி இருக்கிறது பாருங்கள். அங்கே 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் அது பற்றவைத்த ரேம். கழற்றக்கூடிய ரேம் என்றால் 'சோடிம்' என்று வரும். இதைப் பார்க்க அரை நிமிடம் போதும், ஸ்க்ரூ டிரைவரே வேண்டாம். புது லேப்டாப் வாங்குவதற்கு முன் தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலின் முழு விவரத் தாளைத் திறந்து மெமரி என்ற பகுதியைப் படியுங்கள். 'சோல்டர்டு', 'ஆன்போர்டு' என்ற சொற்கள் இருந்து, ஸ்லாட் பற்றிய பேச்சே இல்லையென்றால் பிறகு கூட்ட முடியாது. பாதி பற்றவைத்து, ஒரே ஒரு ஸ்லாட் மட்டும் விட்டு வைத்த மாடல்களும் உண்டு. ஆகவே மாடல் பெயரை வைத்து ஊகிக்காதீர்கள், பக்கத்து வீட்டுக்காரரின் லேப்டாப்பை வைத்தும் ஊகிக்காதீர்கள்.

சில்லைப் பெயர்த்துவிட்டுப் பெரிய சில்லு வைக்கும் வீடியோவை அனுப்பி "இதைச் செய்ய முடியாதா?" என்று கேட்பவர்களுக்கு: செய்பவர்கள் இருக்கிறார்கள். ஹாட் ஏர் வைத்துச் சில்லைப் பெயர்க்க வேண்டும், போர்டில் உள்ள சின்ன ரெசிஸ்டர்களை மாற்ற வேண்டும், பல நேரம் லேப்டாப்பைத் துவக்கும் பயாஸ் மென்பொருளையும் திருத்த வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் நல்ல போர்டை அந்தச் சோதனைக்கு உட்படுத்த நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். வாரன்டி போவது தனிக் கதை.

இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். இந்த லேப்டாப்களில் பெரும்பாலும் தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. திரைக்குத் தேவையான மெமரியும் இதே ரேமிலிருந்துதான் போகிறது. எட்டு ஜிபியில் விண்டோஸ், பிரவுசர், மீட்டிங் செயலி, அலுவலக ஆன்டிவைரஸ் எல்லாம் ஏறியபின் மிச்சம் என்ன இருக்கும்? இடம் போதாததை, கோப்புகளைச் சேமிக்கும், ரேமைவிட மெதுவான எஸ்எஸ்டியில் எழுதி எழுதிப் படித்துத்தான் ஓட்டும். அதுதான் நீங்கள் சொல்லும் "ஸ்லோ". வேலைக்கென்று இன்று வாங்கும் மெல்லிய லேப்டாப்பில் 16 ஜிபிக்குக் கீழே வாங்கவே வாங்காதீர்கள். நான்கைந்து வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால், முடிந்தால் 32. பிராசஸரில் ஒரு படி இறங்கினாலும் பரவாயில்லை, ரேமில் இறங்க வேண்டாம். எஸ்எஸ்டியைப் பெரும்பாலான மாடல்களில் பிறகு மாற்றிக்கொள்ளலாம், ஆகவே அதில் மிச்சம் பிடியுங்கள். கழற்றி மாட்டக்கூடிய எல்பிகேம்2 என்ற புது வகை ரேம் 2024-இலிருந்து சில லேப்டாப்களில் வரத் தொடங்கியிருப்பது எனக்கு நிம்மதி தருகிறது. ஆனால் உங்கள் மாடலில் அது இருக்கிறது என்று தாளில் பார்க்கும் வரை நம்ப வேண்டாம்.

பிராசஸரைப் பற்றிச் சுருக்கமாக. பெயரில் 'ஐ7' என்று இருப்பதால் மெல்லிய லேப்டாப்பும் தடித்த லேப்டாப்பும் ஒன்றாகிவிடாது. மெல்லியதில் வழக்கமாக 15 அல்லது 28 வாட்டுக்கு வடிவமைத்த பிராசஸர். தடித்ததில் 45 வாட். மெல்லியது கொஞ்ச நேரம் பாய்ந்து ஓடும், சூடேறியதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அலுவலக வேலைக்கு இது பிரச்சினையே இல்லை. மணிக்கணக்கில் வீடியோ ரெண்டர் செய்பவர், பெரிய முப்பரிமாண வரைபடங்கள் போடுபவர் இதை வாங்கிவிட்டு என்னிடம் வந்து "தெர்மல் பேஸ்ட் மாத்துங்க" என்று கேட்பதில் பலன் இல்லை. அடியில் காற்று உள்ளே போகும் துளைகளை மெத்தை, தலையணை மேல் வைத்து அடைக்காமல் இருந்தாலே போதும்.

ராணுவத் தரச் சோதனையில் தேறியது என்று போட்டிருப்பதைப் பார்த்து அலட்சியமாக இருக்காதீர்கள். எந்தெந்தச் சோதனை என்பதைத் தயாரிப்பாளரே தேர்ந்தெடுக்கிறார், சோதித்ததும் உங்கள் லேப்டாப்பை அல்ல, ஒரு சாம்பிளை. உங்களுடையது கீழே விழுந்து திரை உடைந்தால் அந்தச் சான்று வாரன்டி ஆகாது. திரையின் மூலையைப் பிடித்துத் தூக்குவது, கீபோர்டின் மேல் பேனாவையோ இயர்போனையோ வைத்துவிட்டு மூடுவது, இரண்டையும் தயவுசெய்து நிறுத்துங்கள். மூடிய நிலையில் திரைக்கும் கீபோர்டுக்கும் நடுவே ஒரு இயர்போனுக்குக்கூட இடம் இல்லை.

சார்ஜ் செய்யும் டைப்-சி போர்ட்டும் பல மாடல்களில் மதர்போர்டிலேயே பற்றவைத்ததுதான். கேபிளை மாட்டியபடியே மடியில் வைத்து ஒருபக்கமாக வளைத்து வளைத்து ஆட்டினால் முதலில் லூஸ் ஆகும், அப்புறம் சார்ஜ் விட்டு விட்டு ஏறும், கடைசியில் நின்றுவிடும். இரண்டு பக்கமும் போர்ட் இருந்தால் மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். சார்ஜர் 65 வாட் என்றாலும் சாதாரண 3 ஆம்பியர் கேபிள் போட்டால் 20 வோல்ட்டில் 60 வாட்டுக்கு மேல் வராது. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் 100 வாட் சார்ஜர் வாங்கிவிட்டுப் பழைய கேபிளையே போட்டு "சார்ஜர் டூப்ளிகேட்" என்று சண்டைக்கு வருபவர்களுக்காக இதைச் சொல்கிறேன். அதற்கு 5 ஆம்பியர் கேபிள் வேண்டும்.

மூடியை மூடிப் பையில் போட்டதும் லேப்டாப் தூங்கிவிட்டது என்று நினைக்காதீர்கள். இப்போதைய லேப்டாப்களின் ஸ்லீப் முறை போனைப் போல, அரைத் தூக்கம்தான். மெயில் எடுக்கவும் அப்டேட் பார்க்கவும் விழித்துக்கொள்ளும். சில நேரம் விழித்தது திரும்பத் தூங்காது. காற்றே இல்லாத பைக்குள் அது வெந்துகொண்டிருக்கும். வெளியே கிளம்பும்போது ஹைபர்னேட் (திறந்திருப்பதை எஸ்எஸ்டியில் எழுதிவிட்டு அணைவது) அல்லது ஷட் டவுன் செய்யுங்கள். மூடியை மூடினால் ஹைபர்னேட் ஆகும்படி பவர் ஆப்ஷனில் ஒருமுறை மாற்றி வைத்துவிட்டால் பிறகு நினைவில் வைக்கவே தேவையில்லை.

அந்தச் சூடும், எந்நேரமும் சார்ஜரில் 100 சதவீதத்திலேயே வைத்திருப்பதும் பேட்டரியை ஊத வைக்கும். லேப்டாப்புக்குள் இருப்பது மெல்லிய பொதி போன்ற பேட்டரி, ஊதினால் போக இடமில்லை. டச்பேட் திடீரென்று அழுத்த வராமல் இறுகுகிறதா? மேசையில் வைத்தால் ஆடுகிறதா? மூடி ஒருபக்கம் பொருந்தாமல் நிற்கிறதா? உடனே ஷட் டவுன் செய்து சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கொண்டுவாருங்கள். டச்பேடை மேலிருந்து அழுத்திச் சரி செய்யப் பார்க்க வேண்டாம், ஸ்க்ரூவை இறுக்கி அமுக்க வேண்டாம், ஊசியால் குத்திக் காற்றை எடுக்கவே எடுக்காதீர்கள். தீப்பிடிக்கும். எப்போதும் சார்ஜரிலேயே வைத்து வேலை செய்பவர் என்றால், தயாரிப்பாளரின் செயலியிலோ பயாஸிலோ 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி இருக்கும். அதை ஆன் செய்யுங்கள்.

கடைசியாக, என் மனதை மிகவும் வருத்தும் விஷயம். இவ்வளவும் ஒரே போர்டில் பற்றவைத்திருப்பதால், அந்தப் போர்டில் எந்தப் பழுது என்றாலும் பெரும்பாலும் மொத்த மதர்போர்டையும் மாற்ற வேண்டி வருகிறது. இன்றைய பிசினஸ் லேப்டாப்களில் எஸ்எஸ்டி பெரும்பாலும் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டால் பூட்டப்பட்டிருக்கும், பல நேரம் உங்களுக்குத் தெரியாமலேயே. போர்டு மாறியதும் அது 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கும். எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு கணினியில் போட்டாலும் அதே கேள்விதான். அந்த எண் இல்லையென்றால் எனக்கும் திறக்கத் தெரியாது, வேறு யாருக்கும் திறக்க வராது. சொந்த லேப்டாப் என்றால் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து ரெகவரி கீ இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்து ஒரு தாளில் எழுதி, லேப்டாப் பையில் இல்லாமல் வேறு இடத்தில் வையுங்கள். அலுவலக லேப்டாப் என்றால் ஐடி பிரிவிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். முக்கியமான கோப்புகளுக்கு வெளியே ஒரு பேக்கப் இருக்கட்டும். சர்வீசுக்குக் கொடுப்பதற்கு முன் இந்த இரண்டும் கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.