ஸ்டார்ட் ஆனால் போதுமா? இருவர் போகும் பழைய ஸ்னோமொபைல் பற்றிக் கொஞ்சம்

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் அடிக்கடி காதில் விழுவது இதுதான்: "பழைய வண்டி, மலிவாகக் கிடைத்தது. உடனே ஸ்டார்ட் ஆகிறது. சும்மா ஒரு தடவை பார்த்துவிடுங்கள், போதும்." நான் வேலை பார்ப்பது கனடாவின் ஒன்டாரியோவில், பாரி நகருக்கு வடக்கே. வருபவை பனிமேல் ஓடும் ஸ்னோமொபைல்கள், அவற்றில் நிறைய வண்டிகள் தொண்ணூறுகளின் கடைசியில் வந்த இருவர் டூரிங் மாடல்கள்: ஸ்கீ-டூ கிராண்ட் டூரிங், யமஹா வென்ச்சர், போலாரிஸ் இண்டி டூரிங், ஆர்க்டிக் கேட் பேன்தெரா. நீளமான சீட், சாய்ந்துகொள்ள முதுகுப்பட்டை, பின்னால் இருப்பவருக்கும் சூடாகும் கைப்பிடி. நல்ல வண்டிகள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஸ்டார்ட் ஆவதை வைத்து இவற்றுக்கு நற்சான்று கொடுக்கக் கூடாது.

பெரும்பாலும் இவை கார்புரேட்டர் வைத்த டூ-ஸ்ட்ரோக் இன்ஜின்கள். சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்து ஐடிலில் ஓடவிடும்போது இன்ஜினுக்குத் தேவைப்படும் பெட்ரோல் மிகக் குறைவு. இரண்டு பேர் ஏறி, பையும் கட்டி, உறைந்த ஏரியின் மேல் பத்து நிமிடம் ஒரே சீராக விரட்டும்போதுதான் உண்மை தெரியும். பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் தளர்ந்திருக்கிறதா, குழாய் இறுகிப்போயிருக்கிறதா, கார்புரேட்டர் கிண்ணத்தில் அழுக்கா, எல்லாம் அப்போதுதான் வெளிவரும். டூ-ஸ்ட்ரோக்கில் உள்ளே போகும் பெட்ரோல் எரிவதோடு பிஸ்டனைக் குளிர்விக்கவும் செய்கிறது. அது குறைந்து காற்று கூடினால், அதாவது கலவை லீன் ஆனால், பிஸ்டன் சூடேறி சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். குளிர் கூடக்கூடக் காற்று அடர்த்தியாகும், கலவை இன்னும் லீன் ஆகும். எந்த வெப்பநிலைக்கு எந்த மெயின் ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளை) என்று கம்பெனி மேனுவலில் அட்டவணை போட்டிருப்பது இதனால்தான். பூஜ்யம் டிகிரியில் ஒழுங்காக ஓடிய வண்டி மைனஸ் முப்பதில் அப்படியே ஓடும் என்று நினைக்க வேண்டாம்.

பழைய வண்டிகளில் நான் முதலில் கை வைக்கும் இடம் கார்புரேட்டரையும் இன்ஜினையும் இணைக்கும் ரப்பர் பூட். வெளியிலிருந்து பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். கழற்றி விரலால் மடக்கிப் பாருங்கள், உள்மடிப்பில் கத்தியால் கீறியதுபோல் வெடிப்பு தெரியும். அந்த வெடிப்பு வழியாகக் காற்று கள்ளத்தனமாக உள்ளே போகும். இதைக் கழற்றாமலும் சந்தேகிக்கலாம்: இன்ஜின் சூடான பிறகு ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தி விடுங்கள். ஆர்பிஎம் உடனே கீழே வராமல் மேலேயே நின்று, அப்புறம் மெதுவாக இறங்கினால் எங்கோ காற்று புகுகிறது. "சூப்பராக ரெஸ்பான்ஸ் கொடுக்கிறது" என்று இதையே பெருமையாகச் சொன்னவர்களும் உண்டு.

அடுத்தது கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம். இரண்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, பிளக் வயர்களை எர்த் செய்து, த்ராட்டிலை, அதாவது ஆக்சிலரேட்டரை, முழுக்கத் திறந்து பிடித்துக்கொண்டு அளக்க வேண்டும். இரண்டு சிலிண்டருக்கும் வித்தியாசம் பத்து சதவீதத்தைத் தாண்டினால் மேற்கொண்டு தோண்ட வேண்டியதுதான். ஆனால் எண் நன்றாக வந்ததோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரு தம்பதி கொண்டுவந்த வண்டியில் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு, பிளக்கும் அழகான பழுப்பு நிறம். அந்த வாரக் கடைசியிலேயே கிளம்ப வேண்டும் என்று நின்றார்கள். சைலன்சர் பக்கத்து மேனிஃபோல்டைக் கழற்றி, டார்ச் அடித்து, இன்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்த்தேன். ஒரு பிஸ்டனின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாகக் கோடுகள், அலுமினியம் இழுபட்டுப் பூசியதுபோல் ஒரு மினுக்கம். அடுத்த தடவை நீளமாக ஓட்டினால் அது பிடித்திருக்கும். பிஸ்டனும் ரிங்கும் மாற்றி, சிலிண்டரைச் சுத்தம் செய்து, காரணமாக இருந்த ரப்பர் பூட்டையும் மாற்றிக் கொடுத்தோம். காரணத்தை விட்டுவிட்டு பிஸ்டனை மட்டும் மாற்றுவது காசைக் கரியாக்கும் வேலை.

காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் பாய்வதும் தப்பு. அலுமினிய பிஸ்டன் சிலிண்டரைவிட வேகமாக விரியும், இரண்டும் சேர்ந்து சூடேற நேரம் கொடுக்க வேண்டும். த்ராட்டிலோடு சேர்ந்து இயங்கும் ஆயில் பம்பின் குறிகள் ஒத்துப்போகின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், த்ராட்டில் கேபிளைத் தொட்டவர்கள் இதை மறந்துவிடுவது சகஜம்.

இரண்டாவது ஆளின் எடை பின்னால்தான் விழும். பின் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின் அட்ஜஸ்டரை ஒருவருக்கான நிலையிலேயே விட்டுவிட்டால் பின்பக்கம் அமுங்கி, முன் ஸ்கீகள் லேசாகிவிடும். ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி நேராகப் போய்க்கொண்டே இருக்கும். வளைவில் எதிரே இன்னொரு வண்டி வந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்கத் தேவையில்லை. ஸ்கீக்கு அடியில் பிடிப்புக்காக இருக்கும் கார்பைடு பட்டை தேய்ந்திருந்தாலும் இதே கதைதான். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், கறுத்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

வண்டியைத் தள்ளும் ரப்பர் பட்டையான டிராக் ஓடும் தண்டவாளத்தின் அடியில் பிளாஸ்டிக் பட்டை ஒன்று இருக்கும், ஹைஃபாக்ஸ் என்போம். அதற்கு எண்ணெயும் கிடையாது, கிரீஸும் கிடையாது. பனிதான் அதற்கு மசகு. ரேடியேட்டர் தண்ணீரைக் குளிர்விப்பதும் டிராக் வாரி மேலே அடிக்கும் பனிதான். பனி இல்லாத வெறும் ஐஸ் பாதையில் நீண்ட நேரம் போனால் ஒரே நேரத்தில் பட்டையும் உருகும், இன்ஜினும் சூடாகும். இரண்டு பேர் எடை என்றால் இன்னும் சீக்கிரம். ஐஸைச் சுரண்டித் தூளை மேலே அனுப்பும் ஸ்கிராட்சர்களை மாட்டிக்கொள்வது பெரிய செலவில்லை. டிரைவ் பெல்ட் ஒன்று ஸ்பேராக வண்டியிலேயே இருக்கட்டும், சரியான பார்ட் நம்பரில். "கிட்டத்தட்ட அதே சைஸ்" என்று வாங்கிய பெல்ட் காட்டுக்குள் கைகொடுக்காது.

ஒவ்வொரு தடவையும் இன்ஜினை எழுப்புவதற்கு முன் த்ராட்டில் லீவரை அழுத்தி விடுங்கள், டக்கென்று திரும்பி வர வேண்டும். கேபிளுக்குள் ஈரம் உறைந்திருந்தால் அது திறந்தபடியே நிற்கும். கில் சுவிட்சும், உடையில் மாட்டும் டெதர் கயிறும் நிஜமாகவே இன்ஜினை நிறுத்துகின்றனவா என்று சோதியுங்கள். பின்பக்கத்தைத் தூக்கி வைத்து டிராக்கைச் சுற்றவிடும்போது பின்னால் யாரும் நிற்கக் கூடாது, குறிப்பாகக் குழந்தைகள். ஐஸ் துண்டோ டிராக்கில் பொருத்திய ஸ்டட் என்னும் ஆணியோ தெறித்து வந்தால் குண்டுபோல் வரும். கராஜ் கதவை மூடிக்கொண்டு இன்ஜினை ஓடவிடாதீர்கள், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

இத்தனை கோளாறுகளில் பாதிக்கு மேல் கோடையில் விதைக்கப்படுபவை. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், மாதக்கணக்கில் கிடந்தால் கார்புரேட்டரில் பிசினாகப் படியும். மார்ச்சில் கடைசியாக நிறுத்தும்போது டேங்கில் பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் ஊற்றிச் சில நிமிடம் ஓட்டுங்கள், அது கார்புரேட்டர் வரை போய்ச் சேர வேண்டும். பிறகு கிண்ணங்களை வடித்துவிடுங்கள். சிலிண்டருக்குள் துருப்பிடிக்காமல் காக்கும் ஃபாகிங் ஆயில் அடியுங்கள், பெல்ட்டைக் கழற்றித் தனியாக வையுங்கள். சைலன்சர் வாயையும் இன்ஜினுக்குக் காற்று போகும் ஏர்பாக்ஸ் வாயையும் துணியால் அடைத்து, அடைத்திருக்கிறது என்று ஒரு சீட்டை ஹேண்டிலில் கட்டுங்கள். எலிகளுக்கு அந்த ஏர்பாக்ஸ் என்றால் அவ்வளவு பிரியம்.