கிரியாட்டினா, கிரியாட்டினினா? ரிப்போர்ட்டைப் பார்க்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது

கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ரத்தத்தில் அளக்கும் கழிவுப்பொருள் கிரியாட்டினின். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டோடு வரும் பெரியவர்கள் அந்தச் சொல்லையே எடுப்பதில்லை. "உப்பு எவ்வளவு இருக்கு டாக்டர்?" என்றுதான் கேட்பார்கள். பெங்களூருவில், அல்சூர், மர்பி டவுன் பக்கம் தலைமுறைகளாக வாழும் நம் குடும்பங்களில் கிட்னிக் கோளாறுக்கு உப்பு என்றே பேச்சு. குழம்பில் உப்பைக் குறைத்தால் இது இறங்கிவிடும் என்று நம்புகிறவர்கள் நிறைய. உப்பைக் குறைப்பது ரத்த அழுத்தத்துக்கு நல்லது, தாராளமாகக் குறையுங்கள். ஆனால் கிரியாட்டினின் உப்பு இல்லை. அது நம் தசையிலிருந்து வருவது.

இளைஞர்களின் குழப்பம் வேறு. ஜிம்முக்குப் போகிறவர்கள் வாங்கும் பவுடர் கிரியாட்டின். லேப் ரிப்போர்ட்டில் இருப்பது கிரியாட்டினின். தமிழில் ஒரு 'னி' மட்டும்தான் கூடுதல். அந்த ஓர் எழுத்து ஒரு வீட்டில் பெரிய சண்டையையே கிளப்பிவிட்டது. "எங்க வீட்டம்மாவுக்கு டயாலிசிஸ் பண்றதே இது ஏறிப்போனதாலதான். இவன் காசு குடுத்து வாங்கித் திங்கிறான் மேடம்" என்று மகனின் டப்பாவை மேசைமேல் வைத்தார் ஒரு அப்பா. அவர் கோபம் நியாயமானது. யாரும் அவருக்கு இதை விளக்கிச் சொல்லியிருக்கவில்லை.

1832-ல் பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ருல் இறைச்சிச் சாற்றிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். கிரேக்க மொழியில் 'கிரேயாஸ்' என்றால் இறைச்சி. அதிலிருந்து கிரியாட்டின் என்று பெயர் வைத்தார். 1847-ல் ஜெர்மனியின் லீபிக், கிரியாட்டினிலிருந்து கிடைத்த பொருளுக்குக் கிரியாட்டினின் என்று பெயரிட்டார். வேட்டையில் ஓடி மடிந்த நரியின் தசையில், கூண்டில் வளர்ந்த நரியைவிடக் கிரியாட்டின் பல மடங்கு அதிகம் என்று எழுதியவரும் அவரே. தசையின் உழைப்போடு இதற்குத் தொடர்பு உண்டு என்பது அப்போதே தெரிந்துவிட்டது. (அழகு நிலையங்களில் முடிக்குப் போடும் கெரட்டினுக்கும் இதற்கும் உறவே இல்லை. அது கொம்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது.)

கிரியாட்டின் தசைக்கு உடனடி ஆற்றல் தரும் பொருள். அதிலிருந்து ஒரு தண்ணீர் மூலக்கூறு கழன்றால் கிரியாட்டினின். உடலில் உள்ள கிரியாட்டினில் ஏறக்குறைய 2 சதவீதம் தினமும் இப்படி மாறி, கிட்னி வழியாக வெளியேறுகிறது. கிட்னி சோர்ந்தால் ரத்தத்தில் தேங்குகிறது. டயாலிசிஸ் நோயாளியின் ரத்தத்தில் ஏறியது கழிவு, மகன் சாப்பிட்டது அதன் மூலப்பொருள். கிட்னி நன்றாக உள்ளவர்கள் தினம் 3 முதல் 5 கிராம் எடுத்தால் கிட்னி கெடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஆனால் ரிப்போர்ட்டில் எண் கொஞ்சம் ஏறலாம். கிட்னி நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. அம்மாவுக்குச் சர்க்கரையும் கிட்னி நோயும் இருந்ததால், பவுடர் தொடங்கும் முன் மகனையும் பரிசோதித்திருக்க வேண்டும் என்றுதான் அந்த அப்பாவிடம் சொன்னேன்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது 'நார்மல்' என்று வரும் ரிப்போர்ட்தான். கிரியாட்டினின் தசையிலிருந்து வருகிறது என்றால், தசை வற்றிய பாட்டிக்கு அது குறைவாகத்தானே உருவாகும்? கிட்னி பாதி கெட்டிருந்தாலும் எண் அழகாகத் தெரியும். 25 வயது ஆணுக்கும் 72 வயதுப் பெண்ணுக்கும் கிரியாட்டினின் ஒரே 1.1 என்று வைத்துக்கொள்வோம். 2021-ல் வந்த சூத்திரப்படி கிட்னியின் வடிகட்டும் திறனை ('இ ஜி எஃப் ஆர்') கணக்கிட்டால் அவனுக்குச் சுமார் 95, அவருக்குச் சுமார் 53. மூன்று மாதத்துக்கு மேல் 60-க்குக் கீழே இருந்தால் அது நாள்பட்ட கிட்னி நோய். பல லேப்களில் 1.1 என்பது பெண்களுக்கும் நார்மல் வரம்புக்குள்தான் அச்சாகும். ஆகவே கிரியாட்டினின் எண்ணோடு நிற்காதீர்கள், 'இ ஜி எஃப் ஆர்' எவ்வளவு என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் சிஸ்டாட்டின் சி என்ற பரிசோதனை உண்டு. தசையின் அளவு அதை அவ்வளவாகப் பாதிக்காது.

லேபில் ரத்தம் கொடுக்கும்போது சிலவற்றைச் சொல்லிவிடுங்கள். பவுடர் எடுக்கிறீர்களா, முந்தின இரவு மட்டன் பிரியாணியா, கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை ஓடுகிறதா. சமைத்த இறைச்சியில் கிரியாட்டினின் இருப்பதால் சில மணி நேரம் எண் ஏறும். அந்த மாத்திரை, கிட்னி கெடாமலே எண்ணை உயர்த்தும். முதல் நாள் கடும் உடற்பயிற்சியும் வேண்டாம்.

அப்புறம், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வருடத்துக்கு ஒருமுறை சிறுநீரில் அல்புமின் (ஒரு புரதம்)–கிரியாட்டினின் விகிதம் பாருங்கள். அது 30-ஐத் தாண்டினால், ரத்த ரிப்போர்ட் சரியாக இருந்தாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அந்தக் கட்டத்தில் வந்தால் மருந்தால் கிட்னியைக் காக்க நிறைய வழி இருக்கிறது.