குளிருக்கு முன்னே தோட்டத்தில் தண்ணீரைக் கவனியுங்கள்

அக்டோபர் பிறந்தால் டொராண்டோ வீட்டுத் தோட்டங்களில் வேலை குவிந்துவிடும். இலை வாருவார்கள், ஹோஸ் பைப்பைச் சுருட்டுவார்கள், ரோஜாச் செடியின் அடியில் மண் அணைப்பார்கள். செடிக்குக் குளிராமல் இருக்கத்தான் இதெல்லாம் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இவற்றில் பாதி வேலை தண்ணீருக்காக. அது எங்கே, எப்படி உறைகிறது என்பதில்தான் தோட்டத்தின் பிழைப்பு இருக்கிறது.

மேப்பிளும் ஆப்பிளும் மைனஸ் 20 டிகிரியில் வெட்டவெளியில் நிற்கின்றன. எப்படி? மேப்பிள் போன்ற பல மரங்களில் பகல் குறுகுவதை இலைகள் உணர்ந்துகொள்ள, வளர்ச்சி நின்றுவிடுகிறது; ஆப்பிளில் வளர்ச்சியை நிறுத்துவது குளிர்தான். அப்புறம் லேசான குளிர் வரும்போது செல்லுக்குள் இருக்கும் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. கடுங்குளிரில் பனிக்கட்டி முதலில் உருவாவது செல்லுக்குள் அல்ல, செல்களுக்கு இடையே உள்ள வெளியில். அந்தப் பனிக்கட்டி செல்லுக்குள் இருக்கும் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுக்கிறது. உள்ளே மிஞ்சும் கெட்டியான சர்க்கரைக் கரைசல் சுலபத்தில் உறையாது. செல்லுக்குள்ளேயே பனிக்கட்டி உருவாகிவிட்டால் சவ்வு கிழியும், செல் செத்துவிடும்.

இந்த மாற்றத்துக்குப் பல வாரங்கள் வேண்டும். அதனால்தான் ஆகஸ்ட் கடைசிக்கு மேல் தழைச்சத்து உரம் போடக்கூடாது, கிளைகளைப் பலமாகக் கத்தரிக்கவும் கூடாது என்கிறோம். அப்போது வரும் புதுத் துளிர் குளிருக்குப் பழகுவதற்குள் உறைபனி வந்துவிடும். கறிவேப்பிலைக்கோ இந்த வித்தையே தெரியாது. வெப்பநிலை உறைநிலைக்கு வர வேண்டியதுகூட இல்லை, இரவில் 10 டிகிரிக்குக் கீழே போனாலே வாடத் தொடங்கும். டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதித் தமிழர்கள் செப்டம்பரிலேயே தொட்டியை வீட்டுக்குள் தூக்கிவிடுவது மிகச் சரியான வேலை.

செடி சமாளித்தாலும் மண் சும்மா இருக்காது. குளிர்காலம் முடியும் சமயத்தில் ஸ்ட்ராபெரி பாத்தியைக் குனிந்து பாருங்கள். சில செடிகளின் குருத்து மண்ணுக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும். கீழே வேர்கள் அறுந்து காற்றில் காய்ந்துபோயிருக்கும். மண்ணில் உள்ள நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிகிறது, அதனால்தான் செடி மேலே வருகிறது என்று முன்பு நம்பினார்கள். அமெரிக்க நிலவியலாளர் ஸ்டீபன் டேபர் 1929-30இல் இதைப் பொய்யாக்கினார். தண்ணீருக்குப் பதிலாக, உறையும்போது சுருங்கும் பென்சீன் என்ற திரவத்தை மண்ணில் ஊற்றி உறைய வைத்தார். அப்போதும் மண் மேலே எழும்பியது. உறையும் அடுக்கு கீழேயுள்ள ஈரத்தைத் தன்பக்கம் உறிஞ்சி, தகடு தகடாகப் பனிக்கட்டியை வளர்க்கிறது. அந்தத் தகடுகள்தான் மண்ணையும் செடியையும் சேர்த்துத் தூக்குகின்றன.

ஒருமுறை உறைந்து அப்படியே இருந்தால் பெரிய ஆபத்தில்லை. பகலில் உருகி, இரவில் மறுபடி உறைவதுதான் வேரை அறுக்கிறது. ஆகவே மண்ணின் மேல் இலைதழை பரப்பிப் போடும் மூடாக்கின் வேலை மண்ணைச் சூடாக வைப்பதல்ல, ஒரே சீரான குளிரில் வைப்பது. நான் வலியுறுத்திச் சொல்வது இதைத்தான்: மேல்மண் உறையத் தொடங்கிய பிறகே பாத்திகளுக்கு மூடாக்கு போடுங்கள். அவசரப்பட்டுப் போட்டால் எலிகள் குடியேறும், செடியும் குளிருக்குப் பழகாது. மேப்பிள் இலையை முழுசாகப் போட்டால் நனைந்து பாய்போல் ஒட்டிக்கொள்ளும். புல்வெட்டியை அதன்மேல் ஓட்டி நொறுக்கிப் போடுங்கள். அதற்கு மேல் விழும் வெண்பனியை வாரிக் கொட்டாதீர்கள். புதுப்பனியில் பெரும்பகுதி காற்றுதான், அதைவிட நல்ல போர்வை கிடைக்காது.

அக்டோபரில் ஊன்றும் பூண்டுக்குக் குளிரே வேண்டியிருக்கிறது. போதுமான குளிர் படாவிட்டால் பல் பல்லாகப் பிரியாமல் ஒற்றை உருண்டையாக நின்றுவிடும்.

கடைசியாக, வெளிக் குழாய். குழாய்க்குள் ஓரிடத்தில் பனிக்கட்டி அடைத்துக்கொண்டு வளரும்போது, அந்த அடைப்புக்கும் மூடிய குழாய் வாய்க்கும் நடுவே மாட்டிய தண்ணீரின் அழுத்தம் ஏறுகிறது. பல சமயம் வெடிப்பது அந்த இடத்தில்தான். எனவே வீட்டுக்குள் இருக்கும் வால்வை மூடிவிட்டு, வெளியே குழாயைத் திறந்து தண்ணீரை வடியவிட்டு, அப்படியே திறந்து வையுங்கள். உறையாத வகைக் குழாய் என்று சொல்லி விற்கப்படுவதாக இருந்தாலும் ஹோஸைக் கழற்றத்தான் வேண்டும். மாட்டியபடி விட்டால் உள்ளே தண்ணீர் வடியாமல் நிற்கும்.