'அன்ஃபேர்' என்றால் சட்டவிரோதம் அல்ல

பிள்ளைகளுக்குத் தீங்கு செய்வதாக, இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் மீது அமெரிக்க மாநிலங்கள் தொடுத்த வழக்கைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் 'சட்டவிரோத வணிகம்' என்று எழுதிவிடுகிறார்கள். கள்ளச்சாராயம் விற்பது சட்டவிரோத வணிகம். இன்ஸ்டாகிராம் நடத்துவதே சட்டவிரோதம் என்று எந்த மாநிலமும் சொல்லவில்லை. அங்கே உள்ள ஆங்கிலச் சொல் 'அன்ஃபேர்' (unfair).

'ஃபேர்' பழைய ஆங்கிலத்தில் அழகைக் குறித்து, பிறகு நியாயத்துக்கு வந்த சொல். அமெரிக்காவில் 1914இல் வந்த கூட்டரசு (அதாவது மத்திய அரசு) வணிக ஆணையச் சட்டம் நியாயமற்ற போட்டி முறைகளைத் தடுத்தது. அது வியாபாரிக்கு வியாபாரி செய்யும் கெடுதல். வாங்குகிறவருக்கும் பாதுகாப்பு தந்தது 1938 திருத்தம். எது நியாயமற்றது என்பதற்கு 1994இல் அளவுகோலும் வந்தது: நுகர்வோருக்குக் கணிசமான தீங்கு இருக்க வேண்டும், அதை அவர் தாமாகத் தவிர்க்க வழி இருக்கக் கூடாது, கிடைக்கும் நன்மை அந்தத் தீங்கை ஈடுகட்டவும் கூடாது. மாநிலங்களும் தங்களுக்கென்று இதுபோல் சட்டங்கள் வைத்திருக்கின்றன.

கலிஃபோர்னியா சட்டம் 'சட்டவிரோதமான, நியாயமற்ற அல்லது மோசடியான' வணிகச் செயல் அல்லது நடைமுறை என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்கிறது. இரண்டாவதையும் சட்டவிரோதம் என்று பெயர்த்தால் முதல் சொல்லை என்ன செய்வது?

2023 அக்டோபரில் 33 மாநிலங்கள் சேர்ந்து தொடுத்த வழக்கையே பாருங்கள். 13 வயது நிறையாத பிள்ளைகளின் விவரங்களைப் பெற்றோர் சம்மதமில்லாமல் திரட்டியது என்ற குற்றச்சாட்டு நேரடிச் சட்டமீறல். தளம் பாதுகாப்பானது என்று ஊருக்குச் சொன்னது என்பது ஏமாற்று. அப்புறம், தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் வந்துகொண்டிருக்கும் பக்கமும், தூங்கப் போன பிள்ளையை மறுபடி கூப்பிடும் அறிவிப்பும் இருக்கின்றனவே, அவை? பெயர் சொல்லி அவற்றைத் தடுக்கும் சட்டம் இல்லாத இடத்திலும் 'அன்ஃபேர்' என்ற சொல்லை வைத்து வழக்காட முடிகிறது. அந்தச் சொல்லைத்தான் நாம் தொலைக்கிறோம்.

'முறையற்ற வணிகம்' என்று இன்னொரு ஆக்கமும் உலவுகிறது. 'நியாயம்' வடசொல் என்பதால் தனித்தமிழ் அன்பர்களுக்கு இதன்மேல் பிரியம். தமிழ் மேல் எனக்கும் அந்தப் பற்று உண்டு. ஆனால் 'முறைகேடு' என்றதும் டெண்டர் ஊழலும் தேர்தல் தில்லுமுல்லும்தான் தமிழர் மனதில் வரும். எல்லா விதியையும் மதித்துக்கொண்டே வாடிக்கையாளரைச் சுரண்டும் நிறுவனத்தை 'முறையற்ற' என்ற சொல் பிடிக்காது. 'நேர்மையற்ற' என்பதும் உதவாது. அது பொய் பேசுகிறவனைச் சுட்டும். பொய்யே பேசாமலும் அநியாயம் செய்யலாம். ரேஷன் கடைக்கு 'நியாய விலைக் கடை' என்று பெயர் வைத்தபோதே 'ஃபேர்' தமிழில் குடியேறிவிட்டது. சந்தையில் விலை கேட்டு 'இது நியாயமா?' என்கிறவருக்கு அகராதி வேண்டாம். ஆகவே என் தேர்வு 'நியாயமற்ற வணிக நடைமுறை'. 'அன்ஃபேர் பிராக்டிஸ்' என்ற தொடரில் வரும் 'பிராக்டிஸ்' ஒரு தடவை செய்வதல்ல, வழக்கமாகவே செய்வது. அதனால் 'செயல்' போதாது, 'நடைமுறை' வேண்டும்.

இதே செய்திகளில் 'அமெரிக்க அரசு வழக்கு' என்றும் வருகிறது. 'ஸ்டேட்' என்றதும் 'அரசு' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகும் அவசரம் அது. இந்த வழக்கைத் தொடுத்தவை மாநிலங்கள். இன்ஸ்டாகிராமையும் வாட்ஸ்அப்பையும் வாங்கி ஏகபோகம் நடத்துவதாக 2020இல் கூட்டரசு வணிக ஆணையம் தொடுத்தது வேறு வழக்கு. இரண்டுக்கும் 'அரசு' என்றே எழுதினால், எது எந்த வழக்கு என்று வாசகர் எப்படிப் பிரித்தறிவார்?