முதலாளிகளே, பிடித்தம் செய்த பி.எஃப். உங்கள் பணம் இல்லை

இந்த வருட ஆடிட்டில் இது நான்காவது கம்பெனி. சம்பளப் பதிவேட்டில் பி.எஃப். (தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி) பிடித்தம் மாதாமாதம் ஒழுங்காக இருக்கிறது, அதைக் கட்டியதற்கான சலானைக் கேட்டால் ஐந்து மாதமாக இல்லை. திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளி, நல்ல மனிதர்தான், அவர் சொன்னார்: "நூல் பார்ட்டிக்குக் கொடுக்கலைன்னா மெஷின் நின்னுடுங்க சார், அறுபது பேருக்கு வேலை போயிடும். ஆர்டர் பணம் வந்ததும் கட்டிடறேன், யாருக்கும் நஷ்டமில்லீங்க."

பெரும்பாலோருக்கு நன்மை எதுவோ அதுவே சரி என்பது ஆங்கிலேயத் தத்துவவாதி பெந்தம் சொன்ன கொள்கை. பெந்தமைப் படிக்காமலே எல்லாரும் அதைத்தான் என்னிடம் சொல்கிறார்கள். சரி, அப்படியே கணக்குப் போடுவோம். போடுவது யார்? பணம் தேவைப்படுகிறவரே. ஓவர்லாக் தைக்கும் ஓர் அம்மா, தாயாரின் கண் ஆபரேஷனுக்கு பி.எஃப். கணக்கிலிருந்து அட்வான்ஸ் எடுக்கலாம் என்று போனில் பாஸ்புக்கைத் திறந்தபோது ஐந்து மாதம் காலியாக இருந்தது. பற்றாக்குறையான தொகையை வட்டிக்கு வாங்கினார். "யாருக்கும் நஷ்டமில்லை" என்ற கணக்கில் அந்த வட்டி எங்கே இருக்கிறது? 1973இல் ஃபோர்டு நிறுவனத்தில் போட்ட கணக்கும் இந்த ரகம்தான்: கார் கவிழும்போது பெட்ரோல் ஒழுகாமல் தடுக்க வண்டிக்கு 11 டாலர், தீயில் சாகும் ஓர் உயிருக்கு 2 லட்சம் டாலர், ஆகவே தடுப்பது கட்டுப்படியாகாது. சாகப் போகிறவர்களை யாரும் கேட்கவில்லை.

ஜெர்மன் தத்துவவாதி காண்ட் வேறு இடத்தில் தொடங்குகிறார்: மனிதரை வெறும் கருவியாக மட்டும் பயன்படுத்தாதே. அந்த அறுபது பேரிடம் வாய்விட்டுக் கடன் கேட்டிருந்தால் பாதிப் பேராவது கொடுத்திருப்பார்கள். நீங்கள் கேட்கவில்லை, எடுத்துக்கொண்டீர்கள். பின்னால் திருப்பிக் கட்டினாலும், லாபமே வந்தாலும், கேட்காமல் எடுத்தது எடுத்ததுதான். முதலாளியாக நீங்கள் கட்ட வேண்டிய பங்கைத் தாமதிப்பதும் தப்பு. ஆனால் அவர்கள் கூலியில் பிடித்ததைத் தொடுவது நம்பிக்கை மோசடி, சட்டத்திலும் அதுதான் அதற்குப் பெயர்.

(தொழிலாளர் பங்கைக் கெடு தாண்டிக் கட்டினால் வருமான வரியில் செலவாகக் கழிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொன்னது. வரித் தணிக்கை அறிக்கையில் கட்டிய தேதியை நான் எழுதியே ஆக வேண்டும். விட்டுவிடச் சொல்லிக் கேட்காதீர்கள்.)

சம்பளம் போடும் அன்றே பிடித்தத்தைத் தனிக் கணக்குக்கு மாற்றுங்கள். கை இறுக்கமா? நூல் பார்ட்டியிடம் தவணை கேளுங்கள், பேங்கில் ஓ.டி. (கணக்கில் இருப்பதற்கு மேல் எடுக்கும் கடன்) கேளுங்கள். அக்கவுண்டன்ட் தம்பிகளே, "இந்த மாசம் நிறுத்தி வை" என்று முதலாளி சொன்னால் அதை மெயிலில் கேட்டு வாங்குங்கள், வாய்ப்பேச்சில் விடாதீர்கள். தொழிலாளர்கள் மாதம் ஒருமுறையாவது பாஸ்புக்கைப் பாருங்கள், தயவுசெய்து. முதலாளிகளுக்கு ஒன்றே ஒன்று: 15ஆம் தேதிக்குள் கட்டி, அப்புறம் சலானை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், நான் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.