அமுக்கினால் அமுங்க வேண்டும்

"பச்சை உடம்புங்க சார், காத்து பட்டிருக்கும். ரெண்டு நாளா எண்ணெய் போட்டு உருவி விட்டுப் பார்த்தேன், வீக்கம் வடியல" என்றார் அந்தப் பெண்ணின் அம்மா. சிசேரியன் முடிந்து பன்னிரண்டாவது நாள். இடது கால் பாதத்திலிருந்து தொடை வரை வீங்கி, தோல் மினுமினுவென்று இழுத்துக் கட்டியதுபோல் இருந்தது. பக்கத்தில் வலது கால் அப்படியே ஒல்லியாகக் கிடந்தது.

ஸ்கேன் அறையில் நான் முதலில் சொன்னது, "அம்மா, இனிமேல் அந்தக் காலை உருவி விடாதீங்க." கால் சிரைக்குள், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்க்குள், ரத்தம் உறைந்து கட்டியாகியிருந்தால், உருவும்போது அதில் ஒரு துண்டு பிய்த்துக்கொண்டு இதயம் வழியாக நுரையீரலுக்குப் போய் அடைக்கலாம். உயிரைக் குடிப்பது பெரும்பாலும் கால் இல்லை, அந்தத் துண்டுதான்.

நம் பேச்சுவழக்கும் இதில் கொஞ்சம் கெடுதல் செய்கிறது. 'நரம்பு' என்கிறோம். வலியை உணரும் நரம்பும் நரம்புதான், ரத்தம் ஓடும் சிரையும் நரம்புதான், புடைத்துச் சுருண்டு தெரிவது நரம்புச் சுருட்டல். அதனால் கால் வீங்கியவர் நரம்பு டாக்டரைத் தேடிப் போய் இரண்டு நாளை விடுகிறார். 'ரத்தக்கட்டு' இன்னும் மோசம். அடிபட்டுக் கன்றிப்போனதற்கும் அதே பெயர் என்பதால், புளியும் உப்பும் கரைத்துப் பற்றுப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். நான் 'சிரையில் ரத்த உறைவு' என்றே சொல்லிப் பழகிவிட்டேன்.

பிரசவமான உடம்பில் இது வருவதற்குக் காரணம் நிறைய. ரத்தம் ஓடாமல் தேங்குவது, குழாயின் உட்சுவர் அடிபடுவது, ரத்தமே எளிதில் உறையும் நிலைக்கு வருவது என்ற மூன்றையும் 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோவின் பெயரில்தான் படிக்கிறோம். பேற்றில் ரத்தப்போக்கைத் தாங்கவென்று இயற்கையே ரத்தத்தை உறையத் தயாராக வைத்திருக்கிறது. பெருத்த கருப்பை இடுப்புச் சிரைகளை மாதக்கணக்கில் அழுத்தியிருக்கிறது. போதாததற்கு அறுவை சிகிச்சை, படுக்கை. அப்புறம் 'பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் நிறையக் கொடுக்கக் கூடாது' என்று நாம் சேர்க்கும் பங்கு வேறு. பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரம் வரை இந்த ஆபத்து அதிகம்.

சரி, ஸ்கேனுக்கு வருவோம். திரையில் கட்டி பளிச்சென்று தெரியும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். புதிதாக உறைந்த கட்டி பல சமயம் ஓடும் ரத்தத்தைப் போலவே கறுப்பாகத்தான் இருக்கும். பார்த்தால் தெரியாது, அமுக்கினால்தான் தெரியும். தொடை இடுக்கில் ஜெல் தடவி, ஸ்கேன் கருவியில் உடம்பின் மேல் வைக்கும் பகுதியான புரோபைக் குறுக்கே வைத்து அழுத்துகிறேன். சிரையின் சுவர் மெல்லியது, உள்ளே அழுத்தமும் குறைவு. நல்ல சிரையாக இருந்தால் கண் சிமிட்டுவதுபோல் மூடித் திறக்கும். பக்கத்திலிருக்கும் தமனி, இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் குழாய், உருண்டையாகத் துடித்துக்கொண்டேயிருக்கும். தமனி லேசாக நசுங்கும் அளவுக்கு அழுத்தியும் சிரை மூடவில்லை என்றால் உள்ளே கட்டி இருக்கிறது. இப்படி விரற்கடைக்கு ஒரு அமுக்காகத் தொடை, முழங்கால் மடிப்பு, ஆடுசதை, கணுக்கால் வரை இறங்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் முடித்து அனுப்பினால் எனக்கே அந்த ரிப்போர்ட் மேல் நம்பிக்கை வராது.

அன்று அந்தப் பெண்ணுக்குத் தொடையிலிருந்து கணுக்கால் வரை எல்லாச் சிரையும் சமர்த்தாக அமுங்கின. அங்கேயே 'நார்மல்' என்று எழுதியிருக்கலாம். ஆனால் காலைப் பார்த்தால் மனசு ஒப்பவில்லை. ஸ்கேனிலேயே ரத்த ஓட்டத்தை அலையாகக் காட்டும் டாப்ளரைப் போட்டேன். வலது தொடை இடுக்கில் அவர் மூச்சு விட விட ரத்த ஓட்டத்தின் அலை ஏறி இறங்கியது. இடது பக்கம் அலையே இல்லை, கோடு போட்டதுபோல் தட்டையாக ஓடியது. மேலே, புரோப் அழுத்த முடியாத இடுப்புக்குள் ஏதோ அடைத்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம். இடுப்பில் வலது காலுக்குப் போகும் தமனி, இடது கால் சிரையின் மேலேறிக் கடந்து, அதை முதுகெலும்போடு வைத்து அழுத்துகிறது. உடலின் அமைப்பே அப்படி. பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் பிரசவித்தவர்களுக்கும் இடது கால் அதிகம் வீங்குவதற்கு அதுவும் காரணம். சிரைகளைக் காட்டும் எம்ஆர்ஐ ஸ்கேனான எம்ஆர் வீனோகிராமில் இடது இடுப்புச் சிரை நிறையக் கட்டி இருந்தது. அன்றைக்கே, ரத்தம் மேலும் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி ஆரம்பித்தார்கள். அதைப் போட்டுக்கொண்டே தாய்ப்பால் கொடுக்கலாம் என்று மகப்பேறு மருத்துவர் சொன்னபிறகுதான் பாட்டிக்கு மூச்சு வந்தது.

என் ஆசிரியர்கள் காலத்தில் புறங்காலில் ஊசி குத்தி, சாயம் ஏற்றி எக்ஸ்ரே எடுப்பார்கள். வீங்கிய பாதத்தில் ஒரு சிரையைத் தேடிப் பிடிப்பதற்குள் நோயாளியும் டாக்டரும் களைத்துவிடுவார்களாம்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், தொடைச் சிரை ஒன்றில் கட்டி என்று சரியாகக் கண்டுபிடித்து, பாடத்தில் படித்த பெயரிலேயே 'சூப்பர்ஃபீஷியல் ஃபெமோரல் வெயின்' என்று எழுதினேன். பெயரில் 'மேலோட்டம்' இருந்தாலும் அது தசைகளுக்கு நடுவே ஓடும் ஆழ்சிரை. ரிப்போர்ட்டைப் பார்த்த மருத்துவர் தோலடிச் சிரை என்று நினைத்துக் களிம்பும் வலி மாத்திரையும் கொடுத்து அனுப்பிவிட்டார். நான்காம் நாள் நோயாளி மூச்சுத் திணறலோடு வந்தார். பிழைத்துக்கொண்டார். கட்டியைப் பார்த்துவிட்டும் ஒரு வார்த்தையில் கோட்டை விட்டிருந்தேன். இப்போது 'ஃபெமோரல் வெயின்' என்று மட்டும் எழுதி, பக்கத்தில் 'ஆழ்சிரை' என்று அடிக்கோடிடுகிறேன், மருத்துவருக்குப் போனும் செய்துவிடுகிறேன்.

நோயாளிகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். சீட்டில் 'டாப்ளர்' என்று மட்டும் எழுதியிருந்தால் தமனிக்கா சிரைக்கா என்று கேட்டு வாங்கி வாருங்கள். மாவுக்கட்டு போட்டது, நீண்ட பயணம், கருத்தடை மாத்திரை, புற்றுநோய் சிகிச்சை, எதுவாக இருந்தாலும் ஸ்கேன் செய்பவரிடம் சொல்லுங்கள். உறைந்த ரத்தம் கரையும்போது வரும் பொருளை அளக்கும் டி-டைமர் ரத்தப் பரிசோதனை அதிகமாக வந்தாலே கட்டி என்று பதற வேண்டாம், பிரசவம், அறுவை சிகிச்சை, காய்ச்சல் எல்லாவற்றிலும் அது ஏறும். ஆடுசதைச் சிரைகள் சரியாகத் தெரியவில்லை என்று ஒரு வாரம் கழித்து மறுபடி கூப்பிட்டால் காசு பிடுங்குவதாக நினைக்காதீர்கள். அங்கே சின்னதாக ஆரம்பித்து மேலேறும் கட்டி, முதல் நாள் கண்ணில் படாமல் போவதுண்டு. மூச்சு முட்டல், நெஞ்சு வலி, இருமலில் ரத்தம் என்றால் ஸ்கேன் சென்டருக்கு வராமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அந்தப் பெண் மூன்று மாதம் கழித்து வந்தார். பழைய ரிப்போர்ட்டைப் பிள்ளையின் தடுப்பூசி அட்டைக்குள் மடித்து வைத்திருந்தார். அது இருந்ததால் பிழைத்தோம். ஆறிய சிரையில் தழும்பு தங்கி, சுவர் தடித்து, முழுதாக மூடாமல் போகலாம். பழையதோடு ஒப்பிடாவிட்டால் புதுக்கட்டி என்று எழுதத் தோன்றும். இந்தமுறை இடது பக்கமும் அலை மூச்சோடு ஏறி இறங்கியது.

பாட்டி வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். "இப்போ எண்ணெய் தேய்க்கலாமா சார்?"

"பேரனுக்குத் தேய்ங்கம்மா" என்றேன்.